தெர்மோஸ்டாட்டை முன்னால கொண்டு வந்தேன், ஹெட்டு கொதிக்குது: எம்எம் 540 ஜீப்புல 1.3 டீசல்

களக்காடு வாழை | வெள்ளி, இரவு 9.10

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். களக்காட்டுக்கு மேக்க, மலையடிவாரத்துல எங்களுக்கு வாழைத்தோப்பு. வெட்டுன தாரைக் கொட்டகைக்குக் கொண்டு வர எங்க அப்பா காலத்து எம்எம் 540 ஜீப்பு ஒண்ணு உண்டு. அதோட பழைய 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின்ல போன வருசம் பிளாக்கே வெடிச்சிட்டு. சாமான் தேடி அலுத்துப் போயி, மோதி உடைஞ்ச கார் ஒண்ணுல இருந்து 1.3 மல்டிஜெட் எஞ்சினை வயரிங், இசியூ (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்), ஆக்சிலேட்டர் பெடலோட மொத்தமா வாங்கினேன். 1248 சிசி, 75 குதிரை. ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாத்துலயும் ஓடுன அதே எஞ்சின். பாகம் எந்த ஊர்லயும் கிடைக்கும்னு நம்பி எடுத்தேன்.

கிளட்சு, அடாப்டர் தகடு, மவுண்டிங் எல்லாம் முடிஞ்சிட்டு. எஞ்சின் முதல் சாவியிலயே பிடிச்சிட்டு. பிரச்சினை தண்ணியில.

கார்ல குறுக்க உக்காந்திருந்த எஞ்சினை இங்க நெடுக்க வச்சதும், ஹெட்டோட (சிலிண்டருக்கு மேல உக்கார்ற பாகம்) ஃப்ளைவீல் பக்கம் ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவுல உள்ள தகட்டைப் பார்த்து நிக்குது. தண்ணி சூடாகிற வரைக்கும் ரேடியேட்டர் வழியை மூடி வைக்கிற தெர்மோஸ்டாட்டோட ஹவுசிங் (கூடு) இந்த எஞ்சின்ல அந்தப் பக்கந்தான் இருக்கு. ஹெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல 45 மில்லிதான் இடைவெளி. ஹவுசிங் உக்காந்து ஓஸ் வளையணும்னா 80 மில்லியாவது வேணும். எஞ்சினை முன்னால தள்ளலாம்னா சம்பு (அடியில உள்ள ஆயில் தொட்டி) முன் ஆக்சில்ல இடிக்குது.

அதனால ஹவுசிங்கைக் கழட்டிட்டு, அந்த இடத்துக்கு ஒரு தகடு வெட்டி, அதுல 32 மில்லி குழாயைப் பத்தவச்சு ஹெட்டு ஓரமாவே முன்னால கொண்டு வந்தேன். ரேடியேட்டர் மேல்ஓஸ் பக்கத்துல தனி ஹவுசிங் வச்சு, 88 டிகிரி தெர்மோஸ்டாட்டை அதுக்குள்ள போட்டேன். டெம்பரேச்சர் சென்சாரும் அந்தப் புது ஹவுசிங்லதான். ஜீப்புல ஹீட்டர் கிடையாது, அதனால ஹீட்டர் வாயை அடைச்சிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணி 12 நிமிசம் மீட்டர் 50-ஐத் தாண்டல. திடீர்னு 105-க்குத் தாவுது, டேங்க்ல தண்ணி பொங்குது, அடுத்த நிமிசமே 70-க்கு இறங்கிருது. திரும்பவும் அதே கதை. ஹெட்டுக்கிட்ட குழாயத் தொட முடியல, ரேடியேட்டர் கீழ்ப்பக்கம் கிணத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கு. தெர்மோஸ்டாட் பழுதுன்னு நினைச்சு அடுப்புல சட்டியில போட்டுப் பார்த்தேன், சரியாத் தொறக்குது. மூணு தடவைக்கு மேல எஞ்சினை ஓட்டவே பயமா இருக்கு. என்ன தப்பு பண்ணுனேன்?


வள்ளியூர் டீசல் | வெள்ளி, இரவு 9.52

தம்பி, அந்த தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூரப் போடு. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? பனி பெய்யுத ஊருக்காரன் எஞ்சினைச் சூடாக்க வச்ச சாமான் அது. முப்பது வருசமா லாரி, டிராக்டர், வேன் எல்லாத்துலயும் கழட்டித்தான் விடுதேன். ஒண்ணும் ஆகல.


பேட்டை லேத்து | வெள்ளி, இரவு 10.15

வள்ளியூர் அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க, அதுக்கு வருவோம்.

களக்காட்டுத் தம்பி, ஒரே கேள்வி. நீங்க கழட்டின பழைய ஹவுசிங்ல ரேடியேட்டருக்குப் போற பெரிய வாய் தவிர வேற வாய் எத்தனை? அதுல ஒண்ணு பிளாக் ஓரமா வாட்டர் பம்ப்புக்குப் போச்சா? அதை இப்ப என்ன பண்ணியிருக்கீங்க?


களக்காடு வாழை | வெள்ளி, இரவு 10.31

ஆமா அண்ணே. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வாய் இருந்துச்சு, அதுல இருந்து குழாய் ஒண்ணு பம்ப்பு பக்கம் போச்சு. புதுத் தகட்டுல அதுக்கு இடம் இல்லன்னு பம்ப்பு பக்கத்து வாய்ல ரப்பர் மூடி போட்டு கிளிப்பு மாட்டிட்டேன். மேலே ஒரு சின்ன வாயும் இருந்துச்சு, பென்சில் கனம். அதையும் அடைச்சாச்சு.


பேட்டை லேத்து | வெள்ளி, இரவு 11.20

அதான் விஷயம். நீங்க அடைச்சது பைபாஸ்.

தெர்மோஸ்டாட்டுக்குள்ள இருக்கிறது ஒரு பித்தளைக் குப்பி, அதுக்குள்ள மெழுகு. மெழுகு உருகினா விரியும், ஊசியைத் தள்ளும், தட்டு தொறக்கும். ஆறினா ஸ்பிரிங்கு மூடும். அதுக்குக் கண்ணு கிடையாது, ஹெட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. தன்மேல படுற தண்ணியோட சூடு மட்டும்தான் தெரியும். ஆகவே அது மூடியிருக்கும்போதும் ஹெட்டுல இருந்து வர்ற சுடுதண்ணி அதைத் தொட்டுக்கிட்டே ஓடணும். ஓடுற தண்ணி எங்க போகும்? பைபாஸ் வழியா பம்ப்புக்குத் திரும்பும். அந்தச் சின்னச் சுத்து எஞ்சின் ஓடுற வரைக்கும் நிக்கவே கூடாது.

உங்க தோப்புக் கணக்குல சொன்னா, மடையில ஒரு ஆளை நிறுத்தி, 'தண்ணி காலை நனைச்சதும் திற'ன்னு சொல்லியிருக்கீங்க. ஆனா தண்ணி அவன் கால் வரைக்கும் வர்ற வாய்க்காலை மண்ணு போட்டு அடைச்சிட்டீங்க. அவன் எப்படித் திறப்பான்?

இப்ப உங்க ஜீப்புல நடக்கிறதைப் பாருங்க. ரேடியேட்டர் வழி தெர்மோஸ்டாட்டால மூடியிருக்கு. பைபாஸ் மூடி. ஹீட்டர் வழியும் மூடி. பம்ப்பு சுத்துது, தண்ணி நகரல. ஹெட்டுல எக்ஸாஸ்ட் வால்வைச் சுத்தி நிக்கிற தண்ணி கொதிக்குது. ஒரு மீட்டர் தள்ளி முன்னால இருக்கிற தெர்மோஸ்டாட்டும் சென்சாரும் ஆறின தண்ணியில உக்காந்திருக்கு, அதான் மீட்டர்ல 50. கொதிச்சதும் ஆவி தண்ணியைத் தள்ளும், அந்தச் சுடுதண்ணி தெர்மோஸ்டாட்டைத் தொட்டதும் தொறக்கும், மீட்டர் 105. உடனே ரேடியேட்டர்ல இருக்கிற பச்சைத் தண்ணி மொத்தமா பிளாக்குக்குள்ள பாயும், தெர்மோஸ்டாட் திரும்ப மூடிரும். கொதிக்கிற அலுமினியம் ஹெட்டுல பச்சைத் தண்ணி பாஞ்சா ஹெட்டு வளையும், விரிசல் விடும், கேஸ்கெட்டும் போகும். மூணு தடவையோட நிறுத்தினது நல்ல காரியம். சரி பண்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.

தெர்மோஸ்டாட்டை எங்க வேணும்னாலும் நகர்த்தலாம். நகர்த்தினா பைபாஸும் கூடவே வரணும். உங்களுக்கு மூணு வழி இருக்கு.

எனக்குப் பிடிச்சது, ஃபயர்வாலை வெட்டி நடுவுல ஒரு பெட்டி மாதிரி உள்வாங்கி, கம்பெனி ஹவுசிங்கை இருந்த இடத்துலயே வைக்கிறது. யோசிச்சுச் செஞ்ச ஹவுசிங், எல்லா வாயும் அதுலயே இருக்கு, நாம புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அது ஆகாதுன்னா, தெர்மோஸ்டாட் இப்ப இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அதுக்கு முன்னால, எஞ்சின் பக்கமா, ஒட்டினாப்புல ஒரு டி (மூணு வாய் இணைப்பு) வச்சு அந்தக் கிளையை பம்ப்பு உறிஞ்சுற குழாய்ல சேருங்க. டிக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவுல அரை அடி இடைவெளி விட்டாலும் அந்த அரை அடித் தண்ணி தேங்கிரும். மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்த்து நிக்கணும், அதையும் சரி பாருங்க.

மூணாவது, தெர்மோஸ்டாட்டை பம்ப்பு உறிஞ்சுற பக்கம் வைக்கிறது. ரேடியேட்டர்ல இருந்து திரும்புற தண்ணியும் பைபாஸ் தண்ணியும் அங்க கலக்கும், சூடு ஏறி இறங்காம நிதானமா நிக்கும். ஆனா ரெண்டு தட்டு வச்ச தெர்மோஸ்டாட்டும் அதுக்குத் தகுந்த ஹவுசிங்கும் வேணும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.


பாளை மெக்கானிக்கல் மூணாம் வருசம் | சனி, காலை 7.05

அண்ணே, தெர்மோஸ்டாட் தட்டுல 3 மில்லி ஓட்டை ஒண்ணு போட்டா போதாதா? அது வழியா கொஞ்சம் தண்ணி போய்க்கிட்டே இருக்குமே. யூடியூப்ல நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.


பேட்டை லேத்து | சனி, காலை 7.40

தம்பி, அந்த ஓட்டை காத்து வெளியேறத்தான். சில தெர்மோஸ்டாட்ல கம்பெனியே அதை வச்சு, உள்ள ஆடுற சின்ன ஊசி ஒண்ணு மாட்டியிருப்பான். மேல்பக்கம் வர்ற மாதிரி மாட்டணும். குறுக்குப் பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 3 மில்லி ஓட்டை 7 சதுர மில்லி. 19 மில்லி பைபாஸ் 280-க்கு மேல. நாப்பதுல ஒரு பங்கு. தெர்மோஸ்டாட்டுக்குச் சேதி போகும், ஆனா ஹெட்டுக்குள்ள எல்லா மூலையிலயும் தண்ணி ஓட அது காணாது. பைபாஸ் செய்ற வேலையே ரெண்டு. ஒண்ணு, தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டைக் காட்டுறது. இன்னொண்ணு, சூடாகிற அந்தப் பத்து நிமிசமும் ஹெட்டுல எந்த இடமும் தனியாக் கொதிக்காம பாத்துக்கிறது. ரெண்டாவதைத்தான் எல்லாரும் மறந்துருவாங்க.


வள்ளியூர் டீசல் | சனி, காலை 10.30

லேத்து தம்பி சொல்லுதது சரிதான், பைபாஸை அடைச்சா கொதிக்கும். நானும் அதைத்தான் சொல்ல வாறேன். தெர்மோஸ்டாட்டையே எடுத்துட்டா பைபாஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தண்ணி நேரா ரேடியேட்டருக்குப் போவும், வரும். சோலி முடிஞ்சிட்டு. நம்ம ஊர்ல எந்த எஞ்சின் குளிர்ல நடுங்குது?


பேட்டை லேத்து | சனி, பகல் 1.15

அண்ணாச்சி, உங்க கைவேலையில எனக்கு மரியாதை உண்டு. நீங்க கழட்டி விட்ட பழைய எஞ்சின் பலதுல ஒண்ணும் ஆகலங்கிறதையும் நம்புறேன். அதுங்க இசியூ இல்லாம, மெக்கானிக்கல் டீசல் பம்ப்பு வச்சு ஓடுற பழைய எஞ்சின். சூடு குறைஞ்சா கொஞ்சம் புகை விடும், டீசல் கூடக் குடிக்கும், ஓடிக்கிட்டே இருக்கும்.

இது இசியூ வச்ச எஞ்சின். தண்ணி 60-லயே நின்னா இசியூ எஞ்சின் இன்னும் சூடாகலன்னே நினைக்கும், டீசல் கணக்கு, ஐடில், குளோ பிளக்கு எல்லாம் அதுக்குத் தகுந்தாப்புல மாறும். ஆயில் சூடேறாது, ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியாகாம சேறாகும். சிலிண்டர் சுவர் ஆறிக் கிடந்தா தேய்மானம் கூடும். நம்ம வெயில் 40 டிகிரிதானே அண்ணாச்சி. எஞ்சினுக்கு வேண்டியது 90. நாப்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவுல உள்ள அம்பதை எஞ்சின்தான் ஏத்தணும், அதைப் பிடிச்சு வைக்கத் தெர்மோஸ்டாட் வேணும்.

இன்னொண்ணு. ரெண்டு தட்டு வச்ச தெர்மோஸ்டாட் பார்த்திருப்பீங்க. பெரிய தட்டு ரேடியேட்டர் வழியைத் தொறக்கும்போது பின்னால உள்ள சின்னத் தட்டு பைபாஸ் வாயை மூடும். அதைக் கழட்டினா பைபாஸ் வாய் எப்பவும் தொறந்தே கிடக்கும். தண்ணி சுளுவான வழியைத்தான் பிடிக்கும். பாதித் தண்ணி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பும். அந்த வண்டி ஏத்தத்துல கொதிக்கும், தெர்மோஸ்டாட்டைக் கழட்டினதாலயே கொதிக்கும்.


வள்ளியூர் டீசல் | சனி, இரவு 8.45

கடைசில சொன்னீங்கள்ல, அது எனக்கு நெஞ்சுல தைக்குது. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு சரக்கு வேன் வந்துச்சு, பணகுடி தாண்டி லோடோட போனா கொதிக்குதுன்னு. தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டேன். கொதிப்பு கூடிட்டு. ரேடியேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணுனேன், பம்ப்பு மாத்துனேன், பெரிய ஃபேனும் வச்சேன். அந்தப் பையன்கிட்ட நல்ல ரூவா வாங்கியும் சரியாவல. அவன் வண்டிய வித்துட்டான். கழட்டிப் போட்ட சாமான் இன்னும் பட்டறையில டப்பாவுல கிடக்கு. இப்பம்தான் எடுத்துப் பார்த்தேன். அடியில ஸ்பிரிங்கோட ரெண்டாவது தட்டு இருக்கு. இத்தனை வருசத்துல அது எதுக்குன்னு நான் யோசிக்கல.

இனி கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன்.

களக்காட்டுத் தம்பி, நீ என்ன தண்ணி ஊத்தியிருக்க?


களக்காடு வாழை | சனி, இரவு 9.20

சோதனைக்குத்தானன்னு போர்த் தண்ணிதான் ஊத்தினேன் அண்ணாச்சி. எல்லாம் சரியானதும் கூலன்ட் ஊத்தலாம்னு இருந்தேன்.


வள்ளியூர் டீசல் | சனி, இரவு 9.34

உடனே இறக்கு. உங்க பக்கம் மலைத் தண்ணி, கொஞ்சம் பரவால்ல. எங்க ராதாபுரம் பக்கத்து வண்டில ஹவுசிங்கைத் தொறந்தா உள்ள சுண்ணாம்புக் காரை பூசுன சுவரு மாதிரி இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வச்சுத் தட்டுனா பொருக்கு பொருக்கா விழும். அந்தப் பொருக்கு ரேடியேட்டர் குழாய்ல போயி அடைக்கும். பித்தளைக் குப்பி மேல படிஞ்சா மெழுகுக்குச் சூடு தெரியாது, நேரம் கழிச்சுத் தொறக்கும். உன்னோடது அலுமினிய ஹெட்டு, உப்பு அதைத் தின்னும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. சோதனைக்கும் அதுதான்.


கல்லிடை ஜீப்பு | ஞாயிறு, காலை 6.20

மணிமுத்தாறு மலைப்பாதையில பல வருசம் ஜீப்பு ஓட்டினவன். பைபாஸ் பத்தி லேத்து அண்ணன் சொன்னதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஏத்த இறக்கம் பத்திச் சொல்றேன்.

நீங்க அடைச்ச பென்சில் கன வாய், அது காத்து போற வழி. கார்ல இருந்தப்ப அது எதுக்குன்னு யாரும் யோசிக்க வேண்டாம், டேங்க் மேலே இருந்துச்சு, எஞ்சின் குறுக்க இருந்துச்சு. உங்க ஜீப்புல எஞ்சின் நெடுக்க, பின்பக்கம் லேசாச் சாஞ்சு இருக்கும். சமதரையில ஹெட்டோட முன்பக்கம் உசரம். மலை ஏறும்போது இன்னும் உசரம். காத்து முன்னால வந்து ரேடியேட்டர் வழியா போயிரும். இறங்கும்போது பின்பக்கம் தூக்கும். ஹெட்டுக்குள்ள இருக்கிற காத்தும் ஆவியும் பின்மூலைக்கு ஓடும், நீங்க தகடு அடிச்ச அதே மூலைக்கு. அங்க இருந்து உங்க 32 மில்லிக் குழாய் பள்ளத்தைப் பார்த்துப் போகுது. காத்து வெளிய வராது. இறக்கம் முழுக்க நாலாம் சிலிண்டர் மேல தண்ணி இல்லாம ஓடும். உங்க தோப்பு மலையடிவாரம்னு சொன்னதாலதான் எழுதுறேன். தாரை ஏத்திக்கிட்டு நீங்க இறங்கித்தான் வரணும்.

பின்தகட்டோட உச்சியில சின்ன நிப்பிள் வச்சு, 6 மில்லி ஓஸ் மாட்டி, ஃபயர்வால் மேல இருக்கிற டேங்குக்கு ஏத்தமாவே கொண்டு போங்க. நடுவுல எங்கயும் தொங்கக் கூடாது. டேங்க்தான் எல்லாத்தையும் விட உசரத்துல இருக்கணும்.

சென்சாரைப் பின்னால ஹெட்டுத் தகட்டுக்கே கொண்டு போயிருங்க. இசியூவுக்குத் தெரிய வேண்டியது ஹெட்டோட சூடுதான்.


பேட்டை லேத்து | ஞாயிறு, காலை 8.00

கல்லிடை அண்ணன் சொன்ன இறக்கத்துக் கதை எனக்கே தோணல. அப்படியே செய்யுங்க.

மூடி பத்தி ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். பிரஷர் மூடி ஒரு இடத்துலதான் இருக்கணும், அது டேங்க்ல. ரேடியேட்டர் வாய்க்குப் பிரஷர் வால்வு இல்லாத மொட்டை மூடி. ரெண்டுலயும் வால்வு இருந்தா பலம் குறைஞ்சது முதல்ல தொறந்து, தண்ணி அது வழியா போயிரும். மூடி மேல போட்டிருக்கிற எண்ணைப் பாருங்க. 0.5 பார் மூடியில வெறுந்தண்ணி 111 டிகிரியில கொதிக்கும், 0.9 மூடியில 118 தாண்டணும். கூலன்ட் கலந்தா இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். உங்க பித்தளை ரேடியேட்டருக்கு 0.9 போதும். அதுக்கு மேல போனா பழைய ஈயப்பத்து விட்டுரும்.


பாளை மெக்கானிக்கல் மூணாம் வருசம் | ஞாயிறு, காலை 9.10

ஆர்டிஓ பத்தி யாரும் சொல்லலையே. வேற கம்பெனி எஞ்சின் மாத்தினா ஆர்சி என்ன ஆகும்?


களக்காடு வாழை | ஞாயிறு, காலை 9.45

நல்ல கேள்வி தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி ஆர்சியில உள்ளதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. எஞ்சின் மாத்தணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இந்த ஜீப்பு ரோட்டுக்கு வராது. எங்க தோப்பு வேலிக்குள்ள ஓடுறதோட சரி. லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போனப்ப கூட மினி லாரியில ஏத்தித்தான் கொண்டு போனேன். ரோட்டுல ஓட்ட நினைக்கிறவங்க முதல்ல அனுமதி, அப்புறம் ஸ்பானர்.

எல்லார் யோசனையும் எழுதி வச்சிருக்கேன். ஃபயர்வாலை வெட்ட மனசு வரல. கிளட்சு பெடல் பிராக்கெட் அங்கதான் பத்தவச்சிருக்கு, அதோட தகடு அப்பா காலத்துல இருந்து துரு இல்லாம இருக்கு. ரெண்டாவது வழியே பண்ணுதேன்.


களக்காடு வாழை | 14 நாள் கழிச்சு, ஞாயிறு, இரவு 8.30

முடிச்சிட்டேன். விவரமா எழுதுதேன், வேற யாருக்காவது உதவும்.

முதல்ல ஹெட்டு. மூணு தடவை கொதிச்சதால கழட்டிச் சமதளம் பார்த்துட்டோம். வளைவு இல்ல. கேஸ்கெட் புதுசு போட்டாச்சு.

பின்தகடு 10 மில்லி அலுமினியம். பழைய ஹவுசிங்கோட கேஸ்கெட்டை அச்சா வச்சு வெட்டினது. சென்சாருக்கு மரை போட, பழைய ஹவுசிங்கையே பட்டறைக்குக் கொண்டு போய் அளந்தோம். உச்சியில காத்து நிப்பிள். முன்னால வர்ற 32 மில்லிக் குழாய் ஸ்டெயின்லெஸ், முனை ரெண்டுலயும் ஓஸ் வழுகாம இருக்க வரப்பு மாதிரி பீடிங் எடுத்தாச்சு. முதல் தடவை நான் மொட்டையா வெட்டி விட்டிருந்தேன், பிரஷர் ஏறினா ஓஸ் கழண்டு வந்திருக்கும்னு லேத்துல இருந்தவரு காட்டினாரு. எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. அதனால குழாயை ஹெட்டு போல்ட்டுலயே பிராக்கெட் போட்டுப் பிடிச்சிருக்கு. ரேடியேட்டர் பக்கம் மட்டும் ரப்பர்.

டி, தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்குள்ளயே. எஞ்சின் பக்கத்து அறையில, மெழுகுக் குப்பிக்கு நேரா, 19 மில்லிக் குழாய் பத்தவச்சு பம்ப்பு உறிஞ்சுற குழாய்க்குக் கொண்டு போயாச்சு. தேங்குற இடமே இல்ல. ஹீட்டர் வாய் ரெண்டையும் அடைக்காம ஒரே ஓஸால இணைச்சாச்சு.

தண்ணி நிரப்பும்போது கல்லிடை அண்ணன் சொன்ன இறக்கம் ஞாபகம் வந்துச்சு. ஜீப்பை மூஞ்சி பள்ளத்தைப் பார்க்க வரப்புல நிறுத்தினேன், பின்மூலை உசரமா நிக்க. காத்து ஓஸ் ஒளி தெரியுற பிளாஸ்டிக் குழாய். மெதுவா ஊத்த ஊத்த, அதுல கொப்புளம் ஒவ்வொண்ணா ஏறி டேங்க்ல வந்து உடைஞ்சுச்சு. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். கொப்புளம் நின்னு பச்சை கூலன்ட் மட்டும் நூல் மாதிரி வந்தப்புறம் மூடி போட்டேன்.

ஸ்டார்ட் பண்ணி ரெண்டாவது நிமிசத்துல பைபாஸ் குழாய் வெதுவெதுப்பு. ஏழாவது நிமிசம் கை வைக்க முடியல. ஸ்கேனர்ல சூடு ஒண்ணு ஒண்ணா ஏறுச்சு, தாவல. 88 வந்ததும் ரேடியேட்டர் மேல்தொட்டியில கை வச்சிருந்தேன். முதல்ல ஓரத்துல ஒரு சூடு, அப்புறம் மெல்ல நடுவுக்கு. 91-ல நின்னுட்டு. அரை மணி நேரம் ஐடில்ல விட்டேன். 97-ல ஃபேன் ஓடுது, 92-ல நிக்குது.

ஒரு குறை மட்டும் பாக்கி. நேத்து மத்தியானம் தார் ஏத்திக்கிட்டு, காலித்தார் தண்டு கொட்டுற மேட்டுக்கு ரெண்டாவது கியர்ல ஏறினேன். 102 வரைக்கும் போச்சு. கொதிக்கல, இறங்கினதும் குறைஞ்சிட்டு. ஆனா ஃபேன் நிக்கவே இல்ல. ரேடியேட்டர் பத்தாதா?


பேட்டை லேத்து | திங்கள், காலை 6.50

படிக்கவே சந்தோஷமா இருக்கு தம்பி. ரேடியேட்டர் பத்தும். 2.1 டீசலுக்குச் செஞ்ச மூணு வரிசைப் பித்தளை, 75 குதிரைக்குத் தாராளம்.

உங்க பைபாஸை மூடுறதுக்கு ரெண்டாவது தட்டு இல்ல. ஒத்தைத் தட்டு தெர்மோஸ்டாட், அதனால தெர்மோஸ்டாட் முழுசாத் தொறந்த பிறகும் 19 மில்லி வழியா சுடுதண்ணி பம்ப்புக்குத் திரும்பிக்கிட்டே இருக்கு. வள்ளியூர் அண்ணாச்சியோட சரக்கு வேன் கதைதான், அளவு மட்டும் சின்னது. பைபாஸ் ஓஸுக்குள்ள நடுவுல 12 மில்லி ஓட்டை போட்ட வளையம் ஒண்ணை வச்சு, வெளிய கிளிப்பு போட்டு இறுக்குங்க. வழி நாப்பது சதவீதம் ஆகும். சூடாகும்போது ஹெட்டுக்கு அது போதும், லோடுல ரேடியேட்டருக்குத் தண்ணி கூடப் போகும். 10-க்குக் கீழ போகாதீங்க.

கீழ்ஓஸையும் ஏத்தத்துல ஒருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பம்ப்பு உறிஞ்சுற வேகத்துல ஓஸ் சப்பினா உள்ள ஸ்பிரிங்கு போடணும்.


களக்காடு வாழை | புதன், இரவு 7.55

12 மில்லி வளையம் போட்டாச்சு, பித்தளை. கீழ்ஓஸ் சப்பல, தம்பி கூடவே நடந்து வந்து பார்த்தான். அதே மேடு, அதே லோடு, மத்தியானம் ரெண்டு மணி. 95. உச்சியில ஃபேன் ஒரு தடவை நின்னுச்சு. இறக்கத்துல காத்து ஓஸைப் பார்த்தேன், கொப்புளம் இல்ல.


வள்ளியூர் டீசல் | புதன், இரவு 9.05

தம்பி, அந்தப் பின்தகட்டு அச்சைத் தூக்கிப் போட்டுறாத. இதே எஞ்சினை ஜீப்புல வைக்கணும்னு நாங்குநேரில இருந்து ஒருத்தரு வந்து நிக்காரு. நான்தான் பண்ணிக் கொடுக்கப் போறேன். பைபாஸ் வாய் நடுவுல இருந்து தெர்மோஸ்டாட் தட்டுக்கு எத்தனை மில்லி வச்சன்னு அளந்து போடு.


களக்காடு வாழை | புதன், இரவு 9.40

டார்ச்சு அடிச்சு அளந்தேன் அண்ணாச்சி. 22 மில்லி. அச்சு அட்டையில வெட்டி வச்சிருக்கு, நாங்குநேரி பஸ்ஸுல கொடுத்து விடுதேன்.